ஆட்டுப் பண்ணை வளவுக்குள்ள கேம்பர் வான் ஒரு இரவு நிக்க என்னென்ன ஒழுங்கு வேணும்?

பட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் அச்சுவேலிப் பக்கம் 12 பரப்பு (முக்கால் ஏக்கர்) வளவில ஆடு வளர்க்கிறம். ஜமுனாபாரிக் கலப்பு 26, அதில சினை ஆடு 5, கிடாய் 2. ரொரன்ரோவில இருக்கிற சொந்தக்காரக் குடும்பம் ஒண்டு ஆடிக் கடைசியில நல்லூர்த் திருவிழாவுக்கு வருகினம். பெரியாக்கள் 2, பிள்ளையள் 2. கொழும்பில கோஸ்ரர் பஸ்ஸை மாத்திக் கட்டின கேம்பர் ஒண்டை வாடகைக்கு எடுத்துவந்து, ஒரு இரவு எங்கட வளவுக்குள்ள விட்டு அதுக்குள்ளயே படுக்கப் போகினமாம். ஒன்ராறியோவில ஒரு அல்பாக்கா பண்ணையில இப்பிடி வாகனத்தோட நிண்டவை. பிள்ளையள் இஞ்சயும் அதே மாதிரி வேணும் எண்டு ஒரே பிடி.

வளவின்ர கிடை இது: ஒழுங்கை மேற்கால வருது, 10 அடி அகலம், படலைக்கு முன்னால ஒரு செங்கோண வளைவு. படலை 9 அடி. கிணறு வடகிழக்கு மூலையில. கொட்டில் நடுவில. வீடு தெற்குப் பக்கம். மேற்கு வேலியோரம் பனை ஆறு. தென்மேற்கு மூலை வெறும் செம்மண் தரை, ஆனால் பழைய மலக்குழியும் அங்கதான்.

எங்க விடுறது, கரண்ட் குடுக்கலாமா, அவையின்ர ரொய்லெற் கழிவை என்ன செய்யிறது, ஆடுகளுக்கு ஏதும் வருமா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

ஒழுங்கை முகப்பு:

தம்பி, கரண்டும் கழிவும் பிறகு. முதல்ல அது உள்ள வருமா எண்டு பாருங்கோ.

நீளக் கோஸ்ரர் கிட்டத்தட்ட 7 மீற்றர், அதாவது 23 அடி. அகலம் 2.08 மீற்றர், ரெண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் 8 அடியை எட்டும். நேரா ஓடுறதுக்கு 10 அடி ஒழுங்கை காணும். வளைவிலதான் சங்கதி. பின்சில்லு உள்பக்கமா வெட்டிக்கொண்டு வரும், அந்த நேரம் முன்மூலை வெளிவேலியைத் தொடும். 10 அடியும் 10 அடியும் செங்கோணத்தில சந்திக்கிற இடத்தில அந்த நீளம் திரும்பாது, முன்னுக்குப் பின்னுக்கு எடுத்தாலும் கிளுவைக் கதியாலில பெயின்ற் முழுக்கக் கீறுப்படும். வாடகை வாகனம், கீறலுக்குக் காசு பிடிப்பினம்.

அளவு நாடாவை விட நல்ல சோதனை ஒண்டு இருக்கு. வைக்கோல் ஏத்தின நீள எல்ஃப் லொறி எப்பவாவது அந்த வளைவால உங்கட படலைக்குள்ள வந்ததா? வந்திருந்தால் கோஸ்ரரும் வரும். லொறிக்காரர் றோட்டில நிப்பாட்டி லான்ட்மாஸ்ரரில (ரெண்டு சில்லு உழவு மெஷினில) மாத்தி ஏத்தித்தான் கொண்டு வாறவர் எண்டால் யோசிக்கவே வேண்டாம், சின்ன வாகனம் எடுக்கச் சொல்லுங்கோ.

உயரத்தையும் பாருங்கோ. கோஸ்ரர் 2.6 மீற்றர், கூரையில ஏசியோ சோலர் தகடோ இருந்தால் 2.8, 2.9 ஆகும். ஒழுங்கைக்குக் குறுக்கால போற ரெலிபோன் வயரும் கேபிள் ரீவி வயரும் வெய்யிலுக்குத் தொய்ஞ்சு 9 அடி, 10 அடியில தொங்கும். தடியில நாடாவைக் கட்டி அளக்கிறது அந்த வயருகளை மட்டும். மின்சார சபையின்ர வயரைக் கண்ணால பாருங்கோ, அதுக்குக் கிட்டத் தடி கொண்டு போகாதேங்கோ.

நிப்பாட்டிற இடம்: ஆடியில சோளகம். காத்து தென்மேற்கில இருந்து அடிக்கும். அதால தென்மேற்கு மூலை சரியான தெரிவு, கிடாய் மணம் வாகனத்துக்கு வராது. மார்கழி, தையில வடகிழக்கு வாடைக் காத்து நேரம் ஆராவது வந்தால் இதே மூலையில விடாதேங்கோ, கொட்டில் மணம் முழுக்க அங்க இறங்கும். மேற்கு வேலிப் பனையளுக்குக் கீழயும் வேண்டாம். ஆடி, ஆவணி பனம்பழம் விழுகிற காலம். ஒரு கிலோவுக்கு மேல பாரம், கண்ணாடியும் சோலர் தகடும் தாங்காது. சோளகத்துக்குக் காவோலையும் கழண்டு பறக்கும். பனை வட்டில (ஓலை விரியிற தலைப்பக்கத்தில) இருந்து 20 அடியாவது தள்ளி விடுங்கோ.

மலக்குழி மூடியைச் சுத்திக் கட்டை அடிச்சுக் கயிறு கட்டுங்கோ. பழைய குழி மூடிகள் ஆள் நடக்கிறதுக்குப் போட்டது. தண்ணி, சாமான் சேர்ந்த கேம்பர் 4 தொன்னுக்கு மேல. மூடியில இருந்து மட்டும் இல்லை, குழியின்ர விளிம்பில இருந்தே 10 அடி விலத்தி நிக்க வேணும். செம்மண் காய்ஞ்சிருந்தால் தரை நல்ல இறுக்கம். அண்டைக்கு ஒரு மழை பெய்தால் மேல் ரெண்டு அங்குலம் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், சில்லுக்குக் கீழ போட நாலு பலகை எடுத்து வையுங்கோ.

மின்னாளன்:

கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன்.

சாதாரண 13 ஆம்ப்ஸ் சதுரப் பின் சொக்கற் ஒன்றால் 230 வோல்ற்றில் அதிகபட்சம் 3 கிலோவாற் எடுக்கலாம். பற்றரி சார்ஜர், பிரிட்ஜ், ஒரு சின்ன ஏசி வரைக்கும் அது போதும். கேத்திலும் ஏசியும் ஒன்றாகப் போட்டால் பிளக்கில் இருக்கிற ஃபியூஸ் போகும், அல்லது பிளக்கே உருகும். ஏசி இரவு முழுக்க ஓடினால் 5, 6 யூனிற் போகும் என்று கணக்கு வையுங்கள்.

வயர் மூன்று கோர் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வாகனத்துக்கு 40 மீற்றர் என்றால் 2.5 சதுர மி.மீ. போடுங்கள். 10 ஆம்ப்ஸ் இழுக்கும்போது அதில் 7 வோல்ற் அளவு குறையும். கடையில் கிடைக்கிற 1.5 வயரில் 11, 12 வோல்ற் குறையும். பின்னேரம் 6 மணியிலிருந்து 10 மணி வரை கிராமத்து லைனில் ஏற்கெனவே வோல்ற்றேஜ் இறங்கித்தான் இருக்கும், அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் ஏசி கொம்பிரசர் ஸ்ரார்ட் எடுக்காமல் முனகி முனகிச் சூடேறும். பற்றரியைப் பகலில் சார்ஜ் பண்ணி, ஏசியை 10 மணிக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். சுருள் றீலில் வரும் வயரை முழுக்க அவிழ்த்து விடுங்கள். சுருளோடு விட்டு 10 ஆம்ப்ஸ் எடுத்தால் உள்சுற்று உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் எர்த். பழைய வீடுகளில் சொக்கற்றில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இராது. வாகனம் ரயரில் நிற்கிறது, நிலத்தோடு தொடர்பில்லை. உள்ளே ஒரு ஹீற்றர் பழுதாகிக் கரண்ட் வாகனத்தின் உலோக உடம்பில் ஏறினால் அது அப்படியே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளை கதவுப் பிடியைத் தொடும்போதுதான் பாயும். ஆடு உரசினாலும் அதேதான். ஆகவே கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற 30 மில்லி ஆம்ப்ஸ் ரிப் சுவிச் இருக்கிற சேர்க்கிட்டிலிருந்து மட்டும் எடுங்கள். வாகனம் வருவதற்கு முன் அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். மூன்று லைற் இருக்கிற சொக்கற் ரெஸ்ரர் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். எர்த் இல்லாததையும் லைவ், நியூட்ரல் மாறிக் கிடப்பதையும் அது காட்டிவிடும். எர்த் இல்லையென்றால் சோலரோடு மட்டும் நிற்கட்டும். ஒரு இரவுதானே.

வயரை நிலத்தில் போட வேண்டாம். லான்ட்மாஸ்ரர் ஏறும், ஆடு சப்பும். ஜமுனாபாரி பின்னங்காலில் எழும்பினால் 6, 7 அடிக்கு எட்டும். 8 அடி உயரத்தில் கட்டைக்குக் கட்டை கொண்டு போங்கள். இடையில் இணைப்பு வந்தால் அதைக் கவிழ்த்த பிளாஸ்ரிக் வாளிக்குள் தொங்கவிடுங்கள், மழை பெய்தாலும் நனையாது.

சுன்னாகம் பெடியன்:

ரொய்லெற் பெரிய வேலை இல்லை. கேம்பர் ரொய்லெற்றுக்குக் கீழ கழிவு சேருற கசெற் பெட்டியை இழுத்து எடுத்து வீட்டு ரொய்லெற்றுக்குள்ள ஊத்தித் தண்ணி அடிச்சு விடுங்கோ. முடிஞ்சுது.

செம்மண்ணும் கிணறும்:

மேலே சொன்னது பாதிதான் சரி.

கசெற் பெட்டிக்குள் போடும் நீல மருந்து எது என்று முதலில் கேளுங்கள். ஃபோர்மல்டிஹைட் கலந்ததென்றால் அது மணத்தை அடக்குவதே பக்ரீரியாவைக் கொன்றுதான். உங்கள் செப்ரிக் ராங்கில் கழிவைச் செரிக்க வைக்கிறதும் அதே பக்ரீரியாதான். 20 லீற்றர் மருந்துக் கழிவு சின்ன ராங்கில் ஒரே நேரத்தில் விழுந்தால் செரிமானம் நின்று, அரைகுறைக் கழிவு ஊறு குழிக்குப் போகும். உயிரியல் வகை மருந்து, அல்லது மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீர் என்றால் ஊற்றலாம். மெதுவாக, பின்னால் ஒரு வாளித் தண்ணீரோடு.

இதுகூட ஒழுங்கான இரண்டு அறை செப்ரிக் ராங்க் இருந்தால்தான். நீங்கள் எழுதியிருப்பது "பழைய மலக்குழி". அடி திறந்த குழியாக இருந்தால் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். நம்முடைய நிலத்தடி சுண்ணாம்புக்கல். மணலில் போல் தண்ணீர் வடிபட்டு இறங்காது, வெடிப்பு வழியே நேராக ஓடும். குடாநாட்டில் ஆறு கிடையாது, வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடுகிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்தக் கிணற்று நீர்தான். கிணறுகளில் நைத்திரேற் பல இடங்களில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரம்பைத் தாண்டுவதற்கு உரமும் மலக்குழியும் எருக் கும்பமும் சேர்ந்துதான் காரணம். உங்கள் கிணறு எதிர் மூலையில் இருப்பது நல்லது, ஆனால் பக்கத்து வளவுக்காரரின் கிணறு எங்கே? அதையும் பாருங்கள். என் கணக்கில் 100 அடிக்குக் குறைந்த தூரத்தில் எந்தக் கிணறும் இருக்கக் கூடாது.

எளிய வழி: வீட்டுக்கு வெளியே ஒரு கக்கூஸ் இருந்தால் அதில் லைற் போட்டு, சவர்க்காரமும் வாளியும் வைத்து அந்த இரவு அதையே பாவிக்கச் சொல்லுங்கள். கசெற் பூட்டியபடி வந்த மாதிரியே திரும்பிப் போகட்டும். நாலு பேர் பாவித்தால் 20 லீற்றர் ஒன்றரை நாளில் நிரம்பிவிடும், அதனால் வரும்போதே காலியாக வரச் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் பண்ணைகளில் ஒரு இரவு நிற்கிற ஒழுங்கு, அந்த ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் போன்றவை, இதே அடிப்படையில்தான் நடக்கிறது: தண்ணீர், கரண்ட், ரொய்லெற் எல்லாம் வாகனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், பண்ணையில் ஒன்றையும் ஊற்றக் கூடாது, போகும்போது பண்ணைப் பொருள் ஏதாவது வாங்க வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இது பழகியிருக்கும், சொன்னால் கோபிக்க மாட்டார்கள்.

குளிக்கிற, கழுவுகிற தண்ணீர் வேறு கணக்கு. வாகனத்துக்குள் குளித்தால் நாலு பேருக்கு 60, 80 லீற்றர் சேரும். வாழைக்கு விடலாம், கோ-3 தீவனப் புல்லுக்கும் விடலாம். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் துணியில் வடிபட வேண்டும். ஒரே பாத்தியில் கொட்டாமல் மூன்று, நாலு வாழைக்குப் பிரியுங்கள். பிளீச்சிங் போட்டுக் கழுவின தண்ணீர் வேண்டாம். வாளியில் வைத்துவிட்டுப் போனால் ஆடு வந்து வாய் வைக்கும், இரண்டு மூன்று நாளில் நுளம்புப் புழுவும் வரும்.

அவர்களின் ராங்கை நிரப்பிக் கொடுக்கும்போது ஹோஸ் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள். பம்ப் நின்றதும் அடிவால்வு சரியாக மூடாவிட்டால் ராங்கில் இருப்பது பின்வாங்கிக் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிடியுங்கள். ஆட்டுக் கொட்டில் கழுவுகிற ஹோஸைப் பாவிக்க வேண்டாம். வாடகை வாகனத்து ராங்க் எப்படிக் கிடந்ததோ தெரியாது. 5 வீதப் பிளீச் லீற்றருக்கு 1 மில்லி லீற்றர், 60 லீற்றர் ராங்குக்கு 60, ஊற்றி 4 மணித்தியாலம் விட்டு, கொழும்பிலேயே கொட்டிக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கால்நடைப் பக்கம்:

ஆடுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கேல்லை. பட்டிக்காரன் கடைசிக் கேள்வியாத்தான் கேட்டவர், ஆனால் காசு போற இடம் அதுதான்.

வாறவை வேற பண்ணைக்குப் போன ஆக்கள். சப்பாத்துக்கு அடியில காய்ஞ்ச சாணியோட கால்வாய் நோய்க் கிருமி கன நாள் கிடக்கும். கொட்டில் வாசலில ஒரு தட்டையான தாச்சி வையுங்கோ: 5 லீற்றர் தண்ணிக்குச் சலவைச் சோடா 200 கிராம். முதல்ல தும்புத்தடியால மண்ணைத் தேய்ச்சுக் கழட்டிப்போட்டுத்தான் அதுக்குள்ள கால் வைக்க வேணும். சேறு ஒட்டியிருந்தால் மருந்து உள்ள போகாது. ஒரு நாளைக்கு ஒருக்கா மாத்துங்கோ. அதை விடச் சுகம், வீட்டுச் செருப்பு நாலு சோடி குடுத்து அதோட மட்டும் உள்ள விடுறது.

தீனிக்கு வருவம். பிள்ளையள் கையில கிடைக்கிறதை ஆட்டுக்கு நீட்டுவினம்: பாண், பிஸ்கற், திருவிழாச் சோறு, மோதகம். மாச்சத்து திடீரெண்டு கூடினால் இரைப்பையில அமிலம் ஏறி அசைபோடுறது நிக்கும். ஆடு பல்லை நறுமும், வயிறு ஊதும், படுத்தால் எழும்பாது. குட்டியெண்டால் ஒரு இரவிலயே போயிடும். அப்பச் சோடா (பேக்கிங் சோடா, சலவைச் சோடா இல்லை) கரைச்சுப் பருக்கிறது வைத்தியர் வரும்வரைக்கும்தான். இதுக்கு இடம் வைக்காமல், பின்னேரம் நாலரைக்கு நீங்களே கிளுவை, பூவரசு, முருங்கைக் குழையை நாலு சின்னக் கட்டாக் கட்டிக் குடுங்கோ. கம்பிக்கு வெளியில நிண்டு நீட்டட்டும். வேலியில தாங்களே முறிச்சுக் குடுக்க விடாதேங்கோ. வேலியில அலரி இருந்தால் ஒரு கொப்பு போதும், இதயத்தை நிப்பாட்டும். நாயுண்ணியும் ஆமணக்கும் நஞ்சுதான். பச்சை மரவள்ளி இலையில சயனைட் இருக்கு, வாடக் காய விட்டுத்தான் குடுக்கிறது. சொப்பிங் பை ஒண்டும் வெளியில பறக்கக் கூடாது, சோளகத்துக்கு நேரா கொட்டிலுக்குள்ள போகும், வயித்தில அடைச்சால் வெட்டித்தான் எடுக்க வேணும்.

சினை ஆடு அஞ்சையும் மறைப்புப் பக்கம் மாத்துங்கோ. வாற ஆக்களில ஆராவது கர்ப்பிணியெண்டால் குட்டி போடுற இடத்துக்குக் கிட்டவும் வரக் கூடாது, நஞ்சுக்கொடியால தொத்துற நோய் இருக்கு. வாய்ப்புண் இருக்கிற ஆட்டைத் தொட விடாதேங்கோ, கைக்குத் தாவும். பால் காய்ச்சித்தான். தொட்டபிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேணும், கைக்குப் பூசுற ஜெல் சாணிக் கையில வேலை செய்யாது.

கிடாய் ரெண்டையும் வாகனம் நிக்கிற நேரம் அவிழ்க்காதேங்கோ. மினுங்கிற கதவில தன்ர நிழலைக் கண்டு முட்டும்.

அல்பாக்கா மாதிரி எண்டு வருகிற பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. அல்பாக்காவுக்குப் பாதம் மெத்து, எல்லாம் ஒரே இடத்தில போய்ச் சாணி போடும், மேய்ச்சல் துப்பரவாக் கிடக்கும், முனகலைத் தவிரச் சத்தம் குறைவு. ஆடு நடக்கிற இடமெல்லாம் புழுக்கை போடும், ஏறக் கூடியதில ஏறும், விடிய நாலரைக்குக் கத்தும்.

பட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கேட்டுப் பாத்தன், நீள லொறி ஒருநாளும் வளைவால வந்ததில்லை. அதால ஹையேஸ் சுப்பர் லோங் கேம்பருக்கு மாத்தச் சொல்லியாச்சு. வாடகைக்காரர் 100 ஆம்பியர் மணி பற்றரி ஒண்டு, 12 வோல்ற் பிரிட்ஜ், ஃபான் ரெண்டு, கையால தூக்கிற ரொய்லெற் எண்டு சொல்லினம். ஏசி இல்லை. வீட்டுச் சொக்கற்றில எர்த் இல்லை எண்டதும் தெரிஞ்சுபோச்சு. இது காணுமா? மற்றது, சின்னவன் கேக்கிறான், இஞ்ச அல்பாக்கா வளர்க்கலாமோ எண்டு!

மின்னாளன்:

பற்றரி லித்தியமா, ஈயமா என்று கேளுங்கள். லித்தியம் 100 என்றால் 1,280 வாற் மணி. பிரிட்ஜ் இரவு 12 மணித்தியாலத்துக்கு 250 அளவு, 25 வாற் ஃபான் இரண்டு 9 மணித்தியாலம் ஓட 450, லைற்றும் போனும் 150. மொத்தம் 850. தாராளம், வீட்டுக் கரண்ட் தேவையில்லை. ஈயப் பற்றரி என்றால் பாதிதான் பாவிக்கலாம், அதாவது 600. விடியற்காலை பிரிட்ஜ் நிற்கும். அப்படியானால் ஒரு ஃபானை நிறுத்துங்கள், அல்லது வரும்போதே பிரிட்ஜில் குளிர்ந்த போத்தல்களை நிரப்பி இரவில் அணைத்து விடுங்கள். எர்த் இல்லாத சொக்கற்றைத் தொடவே வேண்டாம்.

ஒழுங்கை முகப்பு:

ஹையேஸ் சுப்பர் லோங் 5.38 மீற்றர் நீளம், 1.88 அகலம், உயரம் 2.28. உங்கட வளைவில ஒருக்கா பின்னுக்கு எடுத்தால் வரும். ஆனால் அதில ரெண்டு பேர்தான் வசதியாப் படுக்கலாம். பிள்ளையளை விறாந்தையில நுளம்பு வலை கட்டிப் படுக்க வையுங்கோ. நிலத்தில கூடாரம் வேண்டாம். தீனிக்கு எலி வரும், எலிக்குப் புடையன் பாம்பு வரும். இரவு வெளிக்குப் போறதெண்டால் ரோர்ச்சும் மூடின செருப்பும்.

திருவிழா நேரம் கோயிலைச் சுத்தி றோட்டு மறிப்பினம். ஏ9 ஆல வாறவை ரவுணுக்குள்ள போகாமல் கைதடியில திரும்பிக் கோப்பாய்க்கு ஏறினால் நேரா உங்கட பக்கம். வெளிச்சத்தோட, அஞ்சு மணிக்கு முதல் வந்து சேரச் சொல்லுங்கோ. வெளியில காஸ் அடுப்பு மூட்டுறதெண்டால் வைக்கோல் போரில இருந்து காத்து போற திசையில, 30 அடி தள்ளி. வாகனத்துக்குள்ள கரி அடுப்பு ஒருக்காலும் வேண்டாம்.

கால்நடைப் பக்கம்:

சின்னவனுக்கு: அல்பாக்கா வளர்க்கிறவை ஒரு கணக்குப் பாக்கிறவை. வெப்பநிலையை ஃபாரன்ஹைட்டில எடுத்து, ஈரப்பதன் வீதத்தையும் கூட்டினால் 120க்குக் கீழ சுகம், 180க்கு மேல ஆபத்து. எங்களுக்கு ஆடியில 90உம் 75உம், 165. இரவிலயும் 82உம் 85உம் எண்டால் 167. ஆறுறதுக்கு ஒரு நேரமே இல்லை. அண்டீஸ் மலைக் குளிருக்குப் பிறந்த மிருகம், தனியவும் நிக்காது, மூண்டு நாலாவது வேணும். அவனுக்கு ஒரு ஜமுனாபாரிக் குட்டிக்குப் பேர் வைக்கக் குடுங்கோ.

பட்டிக்காரனுக்கு: விடிய வாகனம் எடுக்க முதல் ஒராள் குனிஞ்சு கீழ பாக்க வேணும். குட்டியள் நிழலுக்கு எஞ்சினுக்குக் கீழதான் போய்ப் படுக்கும். படலையைத் திறக்க முதல் கொட்டில் கதவைப் பூட்டி 26ஐயும் எண்ணுங்கோ.